ராக்கெட் எழுத்தைத் தமிழில் போடுவது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை வாடகைக்கு விடும் தொழில் தொடங்குகிறார். கடைப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு ஃபான்ட் வாங்கிவிட்டார். வட்டமும் சதுரமுமாக, ராக்கெட் மேல் எழுதியது போல இருக்கும் ஜியோமெட்ரிக் டிஸ்பிளே ஃபான்ட். "அண்ணாச்சி, இங்கிலீஷ்ல நல்லா இருக்கு, அதையே தமிழ்ல செஞ்சா படிக்கவே முடியல. என்ன செய்யணும்? இந்த எழுத்தை எங்கெல்லாம் போடலாம்?" என்பது கேள்வி.

தம்பி, உங்கள் ஆசை சரியானதுதான். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது, குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். இந்த ஊர்ப் பையன் கடைக்கு விண்வெளி எழுத்து கேட்பதில் என்ன தப்பு? ஆனால் அந்த எழுத்து எப்படி அப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதைத் தமிழுக்குக் கொண்டுவர முடியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இதற்கு ஏறக்குறைய நூறு வருஷ வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் பால் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா ஃபான்ட் 1927-ல் வந்தது. வட்டம், முக்கோணம், சதுரம் என்ற மூன்றை வைத்தே எழுத்தைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1969-ல் அப்பல்லோ 11 இறங்குகலத்தின் காலில் பொருத்திய தகட்டில் இருப்பதும் ஃபியூச்சுராதான், இன்னும் நிலாவில் நிற்கிறது. இத்தாலியில் ஆல்டோ நொவாரெசே வேறு வழியில் போனார். அவர் 1952-ல் அலெஸ்ஸான்ட்ரோ புட்டியோடு சேர்ந்து செய்த மைக்ரோகிராமாவிலும், 1962-ல் செய்த யூரோஸ்டைலிலும் ஆங்கில ஓ எழுத்து வட்டமாக இருக்காது. பழைய டிவி திரையைப் போல மூலை மழுங்கிய சதுரமாக இருக்கும். இன்றைக்கு "எதிர்கால எழுத்து" என்று நாம் பார்ப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சதுரத்தின் பேரப்பிள்ளைகள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்பிட்ரான் அந்தக் குடும்பம்தான்.

அப்புறம் 1975-ல் நாசாவுக்கு ஒரு சின்னம் வரைந்தார்கள். புழு என்று செல்லப்பெயர். அதில் இரண்டு ஏ எழுத்துகளுக்கும் நடுக்கோடு கிடையாது. 1992-ல் அதை ஓரங்கட்டினார்கள், 2020-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நடுக்கோடு இல்லாத ஏ-யை நன்றாகப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் எதையாவது கழித்தால்தான் அது "எதிர்காலம்" ஆகிறது. ஏ-க்கு நடுக்கோட்டை எடுத்தாலும் அது ஏ-தான். ஈ எழுத்தின் முதுகை எடுத்துவிட்டு மூன்று படுக்கைக் கோடு மட்டும் வைத்தாலும் ஈ-தான். ஆர், எஸ் இரண்டையும் நடுவில் வெட்டினாலும் கண் சேர்த்துப் படித்துவிடும். மொத்தம் 26 வடிவம், ஒன்றுக்கொன்று தூரத்தில் நிற்பவை. கழிப்பதற்கு அங்கே இடம் இருக்கிறது.

தமிழில் அந்த இடம் கிடையாது. புள்ளியை எடுத்தால் க் என்பது க ஆகிவிடும். கீழ்க்காலை எடுத்தால் ஏ என்பது எ. மேல்சுழியை எடுத்தால் நே என்பது நெ. சுழி ஒன்று குறைந்தால் ண என்பது ன. நம் எழுத்தில் துண்டு என்று நினைப்பதெல்லாம் பொருள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போர்டு செய்தேன். நல்ல அகலமான எழுத்து, ஓரமெல்லாம் சீவின மாதிரி. ல் மேல் இருக்கும் புள்ளி அந்தச் சுத்தமான கோட்டுக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. புள்ளியை எழுத்தோடு ஒட்டி, மேலே ஒரு சின்னப் பள்ளமாக மாற்றிவிட்டேன். கணினியில் பார்க்க அழகாக இருந்தது. மாடியில் ஏற்றி மாட்டிய பிறகு ரோட்டில் நின்று பார்த்தால் "பல மருத்துவமனை". டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "இதுல பல்லு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார். என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து புள்ளியில் நான் கை வைப்பதில்லை.

இந்த விஷயத்துக்கு நம் சீமையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறார். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஒற்றைக்கொம்பு குறிலா நெடிலா என்று படிப்பவரே இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கெ, கே என்று கொம்பில் வேறுபாடு காட்டும் இன்றைய முறையைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். காமநாயக்கன்பட்டியில் பணி செய்தவர். படிப்பவர் தடுமாறக்கூடாது என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்து வைத்த சுழி அது. ஒரு போர்டு அழகுக்காக அதை நாம் வெட்டக்கூடாது.

அப்போ தமிழுக்கு நேர்கோட்டு எழுத்தே ஒத்துவராதா? அப்படியும் சொல்ல முடியாது. சீவலப்பேரி பக்கத்தில் மருகால்தலையில் பாறையில் வெட்டிய தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி, இருக்கிறது. தமிழியில் க என்பது ஒரு கூட்டல் குறி. ர என்பது ஒரு நெட்டுக்கோடு. ந என்பது தலைகீழாக நிற்கும் ஆங்கில டி. இதைவிட வடிவியல் எழுத்து எங்கே கிடைக்கும்? பிறகு பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வந்தது, பேருக்கேற்றபடி எல்லாம் வளைந்தது. ஆக நம் எழுத்து இரண்டு கோடியையும் பார்த்திருக்கிறது. இன்றைக்கு நாம் எழுதுவதில் இரண்டும் கலந்து கிடக்கிறது, அதுதான் வேலையைச் சுவையாக்குவது.

ட என்பது கொத்தனார் வைத்திருக்கும் மூலைமட்டமேதான். ப மூன்று பக்கம் அடைத்த பெட்டி. ம, ய, ங இவற்றையும் பெரிய சிரமம் இல்லாமல் சதுரத்துக்குள் உட்காரவைக்கலாம். "பட்டம்" என்று எழுதச் சொன்னால் அரை மணி நேரத்தில் ராக்கெட் எழுத்து தயார். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ட, ப, ம மூன்றையும் வரைந்துவிட்டு ஃபான்டே முடிந்த மாதிரி நினைத்துவிடுவார்கள். அப்புறம் ண, ஞ, ழ, ஐ வரும். அங்கே பேனா நின்றுவிடும்.

"திருநெல்வேலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். தி, லி இரண்டிலும் இகரத்தின் விசிறி மேலே ஏறுகிறது. ரு கீழே இறங்குகிறது. நெ, வே இரண்டுக்கும் முன்னால் கொம்பு, ஒன்று குறில் ஒன்று நெடில். ல் மேல் புள்ளி. ஆறு எழுத்துக்குள் மேல், கீழ், முன் என்று மூன்று திசையிலும் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பிடித்து ஒரே உயரப் பெட்டிக்குள் அமுக்கினால் ரு-வின் வால் நசுங்கும், தி-யின் விசிறி த-வின் தலையோடு ஒட்டும். "நெல்லை" கொஞ்சம் சுலபம். ல இரண்டு தடவை வருவதால் ஒரு தாளம் கிடைக்கும். ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழிதான் கவனம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சிட்ட புத்தகத்தில் அந்த லை தும்பிக்கை வைத்து ஒரே எழுத்தாக இருக்கும். வடிவம் அருமை, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குப் படிக்க வராது, போர்டில் போட வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஆங்கில எழுத்திலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள்: கோட்டின் தடிமன், மூலையின் வளைவு, எழுத்தின் அகலம். உங்கள் ஃபான்டில் எழுத்து உயரத்தில் ஆறில் ஒரு பங்கு கோடு இருந்தால் தமிழிலும் ஏறக்குறைய அதே பங்கு. அங்கே மூலை எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ அவ்வளவு இங்கேயும். கோட்டின் முனை அங்கே நேராக வெட்டியிருந்தால் இங்கேயும் நேர் வெட்டு. இந்த மூன்றும் ஒத்துப்போனாலே இரண்டும் உடன்பிறப்பு மாதிரி தெரியும். சுழி, புள்ளி, கால், கொம்பு எல்லாம் முழுசாக இருக்கட்டும். புள்ளியைச் சதுரமாக்கலாம், தப்பில்லை. ஆனால் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எழுத்துக்கும் அதற்கும் நடுவே அரைக் கோடாவது இடைவெளி வேண்டும்.

இதில் அகலம்தான் முக்கியம். தமிழ் எழுத்தைச் சதுரமாக்க நினைத்தால் இறுகும், பக்கவாட்டில் இழுத்தால் மூச்சு விடும். ண, ஐ இரண்டுக்கும் ப-வைவிட இரண்டு மடங்கு இடம் கொடுங்கள், கஞ்சப்பட வேண்டாம். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது ஆங்கிலப் பெரிய எழுத்தில் எடுபடும், நமக்கு எடுபடாது. பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோரை குறுக்கே, நூல் நெடுக்கே, அதில் வளைவே போட முடியாது, படிப்படியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஆனாலும் பெயர் படிக்க வருகிறது. ஏன் என்று ஒரு பாயைக் கையில் வைத்துப் பார்த்தேன். வளைவு படியாக மாறியிருந்தாலும் சுழிக்கு நடுவில் இருக்கும் வெறுமையை அடைக்கவில்லை. எழுத்து அகன்றிருக்கிறது, ஓட்டை திறந்திருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு பாய் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு வரையுங்கள்.

இன்னொன்று, கவராயத்தை நம்பாதீர்கள். கச்சிதமான வட்டத்தையும் அதே உயரச் சதுரத்தையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் சின்னதாகத் தெரியும், அதனால் வட்டத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் தாண்டவிட வேண்டும். படுக்கைக் கோடும் நெட்டுக்கோடும் ஒரே தடிமன் என்றால் படுக்கைதான் தடித்துத் தெரியும், அதைக் கொஞ்சம் மெலிக்க வேண்டும். இரண்டு கோடு கூடும் இடம் கருத்துப்போகும். ஃபியூச்சுராவிலேயே கோடுகள் கூடும் இடத்தில் மெலிந்துதான் இருக்கும். தமிழில் ஒரு எழுத்துக்குள்ளேயே நாலைந்து கூடல் இருப்பதால் இந்தத் திருத்தம் நமக்கு இன்னும் அதிகம் தேவை. உயரத்திலும் அப்படித்தான். ஆங்கிலப் பெரிய எழுத்தின் முழு உயரத்தையும் ப-வுக்குக் கொடுத்து இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் மேலே விசிறியும் கீழே வாலும் சேர்ந்து தமிழ் பூதாகரமாகிவிடும். பத்தில் எட்டரை, ஒன்பது பங்கு கொடுத்துப் பாருங்கள்.

புதிதாக வரைய நேரம் இல்லையென்றால் ஏக் டைப் நிறுவனத்தின் அனேக் தமிழ் இருக்கிறது. 2022-ல் வந்தது, இலவசம், ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை ஒரே ஃபான்டில் இழுத்துக்கொள்ளலாம். அதன் அகல வடிவத்தைத் தடிமனாக எடுத்துப் போடுங்கள், உங்கள் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் நன்றாக நிற்கும். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரானும் சுத்தமான கோடு. எனக்குக் கடைப் பெயர் என்றால் அனேக்கை அடியாக வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் வரும் அஞ்சாறு எழுத்தின் மூலையை மட்டும் கையால் திருத்துவதுதான் பழக்கம். ஒரு பெயருக்கு 247 எழுத்தும் வேண்டியதில்லையே.

கணினியில் இரண்டு இடத்தில் சறுக்கும். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான லேஅவுட்டை மாற்றினால் சரியாகிவிடும். இதற்குப் பயந்துதான் பல ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய ஃபான்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி. ராக்கெட் எழுத்துக்கு ஆங்கிலத்தில் இடைவெளியை நன்றாகத் தள்ளிவைப்பார்கள், அழகாக இருக்கும். தமிழில் அதே அளவு தள்ளினால் கொ என்பது கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரிந்து, கால் தனியாக நின்று ர மாதிரி தெரியும். பெயரை வடிவமாக மாற்றிவிட்டு, எழுத்து எழுத்தாகக் கையால் நகர்த்துங்கள். கொம்பும் காலும் தன் எழுத்தோடு ஒட்டியே போக வேண்டும்.

இனி எங்கே போடலாம் என்பது. டிஸ்பிளே ஃபான்ட் என்றால் பெரிதாக, கொஞ்சமாக. கடைப் பெயர், அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வேண்டாம். "மணிக்கு இவ்வளவு ஏக்கர்", விலை, முகவரி, போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்தில்தான். குறிப்பாக போன் நம்பர். சதுர எழுத்தில் 0, 6, 8 மூன்றும் ஒன்றுபோல் தெரியும். விவசாயி அவசரத்துக்கு அடிக்கும்போது தப்பு நம்பர் போகக்கூடாது. மருந்து அளவு எழுதிய தாளில் இந்த எழுத்து வரவே கூடாது, இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

சாலையோர போர்டுக்கு ஒரு கணக்கு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டுக்காரர்கள் கைக்கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மூணு செகண்டில் 42 மீட்டர் கடக்கும், கிட்டத்தட்ட 137 அடி. மூணு செகண்ட் முன்னாலேயே படிக்க வேண்டுமென்றால் 14 அங்குல எழுத்து. சுழி தெரிய வேண்டும் என்பதால் தமிழுக்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன், அதாவது 20, 21 அங்குலம். கீழே ஆங்கிலம் 10 அங்குலம் போதும், உங்கள் வாடிக்கையாளர் தமிழில்தான் தேடுவார். விசிறி, வாலுக்கெல்லாம் இடம் விட்டால் மூணடிப் போர்டு பத்தாது, நாலடி சொல்லுங்கள்.

எல்இடி போடுவதாக இருந்தால் இந்த வகை எழுத்துக்கு ஒரு வசதி உண்டு. கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்பதால் உள்ளே மாட்யூல் சீராக உட்காரும். கோடு ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போனால் என் அனுபவத்தில் ஒளி திட்டுத்திட்டாகத்தான் வரும். ட்ரோன் பெட்டியில் ஸ்ப்ரே அடிக்கத் தகடு வெட்டப்போகிறீர்கள் என்றால், சுழியின் நடுப்பகுதி உதிர்ந்துவிடும், அதைத் தகட்டோடு பிடித்துவைக்கும் சின்னப் பாலம் விட்டு வரையச் சொல்லுங்கள். பாலத்தைச் சுழியின் பக்கவாட்டில் வையுங்கள். உச்சியில் வைத்தால் நே, நெ ஆகப் படிக்க வாய்ப்பு உண்டு. ட்ரோன் கை மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் ஆங்கிலம் மட்டும் போதும், அந்த அகலத்தில் தமிழ்ச் சுழி நிற்காது. விசிட்டிங் கார்டிலும் பெயர் மட்டும் இந்த எழுத்து. வண்டியின் கதவில் போடலாம், ஆனால் நம்பர் பிளேட்டில் அலங்கார எழுத்துக்குச் சட்டத்திலேயே இடமில்லை. இன்ஸ்டாகிராம் வட்டத்துக்குள் முழுப் பெயரையும் திணிக்காமல் முதல் எழுத்தை மட்டும் வையுங்கள்.

வாங்கிய ஃபான்டின் உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். இலவசமாக இறக்கும் பல ராக்கெட் எழுத்துகளில் "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கும். கடைப் பெயர் சொந்த உபயோகம் ஆகாது, வியாபாரம். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது நல்லது, அதிலும் லோகோவுக்கு அனுமதி தனியா என்று பாருங்கள். ஆர்பிட்ரான், அனேக், கட்டமரான் மூன்றும் திறந்த உரிமத்தில் இருப்பவை, கடைக்குப் போடத் தடை இல்லை.

போர்டுக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பெயரை ஏ4 தாளில் இரண்டு அங்குல உயரத்துக்கு அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். 14 அடி தள்ளி நின்றால், 20 அங்குல எழுத்தை அந்த 140 அடியிலிருந்து பார்ப்பது மாதிரிதான். உங்கள் நண்பர்களைப் படிக்கச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் பெயர் முன்னாலேயே தெரியும். வயலில் நிற்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் அவர் தயங்குகிறாரோ அதைப் பென்சிலால் வட்டம் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த எழுத்தை மட்டும் நாம் சேர்ந்து சரி செய்வோம்.